மேலிருந்து கீழா, கீழிருந்து மேலா? நடத்தையைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களின் உள்வேறுபாடுகள்

கொழும்பில் வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒரு பிள்ளையின் கோவையைத் திறந்தால் அதில் பாடசாலை கொடுத்த நற்சான்றுக் கடிதம் ஒன்று இருக்கும். அதன் கடைசிப் பந்தியில் பெரும்பாலும் இப்படி ஒரு வரி வரும்: ‘ஷீ இஸ் அன் ஒபீடியன்ட், இனசன்ட் அண்ட் சின்சியர் ஸ்டூடன்ட்.’ சொல்வழி கேட்பாள், சூதுவாது தெரியாதவள், கருத்தாகப் படிப்பாள் என்பதுதான் எழுதிய ஆசிரியரின் மனதில் இருந்தது. மூன்றும் நல்ல குணங்கள். அதே கடிதம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் அனுமதிப் பிரிவுக்கோ, கோட்டையில் உள்ள பன்னாட்டு நிறுவனம் ஒன்றின் ஆளணிப் பிரிவுக்கோ போகும்போது வாசிப்பவருக்கு வேறு மூன்று கேட்கின்றன: சொன்னதை மட்டும் செய்வாள், ஏதோ குற்றம் சாட்டப்பட்டு, அதைச் செய்யவில்லை என்று தெரியவந்தவள், மனதில் உள்ளதைத்தான் பேசுவாள். பிள்ளை வேலை செய்வாளா என்பதற்கு அந்த வரியில் பதிலே இல்லை.

இலக்கணத்தில் பிழையில்லை. அகராதியைப் புரட்டினாலும் ‘ஒபீடியன்ட்’ என்பதற்குக் கீழ்ப்படிவுள்ள என்றுதான் இருக்கும். பிழை அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. ஒருவரின் நடத்தையைப் பற்றிப் பேசும் சொல், சொல்பவர் எந்த உயரத்தில் நிற்கிறார் என்பதையும் தன்னோடு கொண்டுவரும். தமிழில் இதை நாம் யோசிக்காமலே கையாளுகிறோம். பத்து வயதுப் பிள்ளையைச் ‘சொல்வழி கேட்கிற பிள்ளை’ என்று புகழ்வோம். ஐம்பது வயது முகாமையாளரை அப்படிப் புகழமாட்டோம். ஆங்கிலச் சொல்லை எடுக்கும்போது மட்டும் இந்தக் கவனம் தவறிவிடுகிறது, ஏனென்றால் நாம் அந்தச் சொல்லைப் பேச்சில் அல்ல, சொற்பட்டியலில் படித்தவர்கள்.

ஆகவே ஒரு நடத்தைச் சொல்லைப் பயன்படுத்துமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும். இதை யார் யாரைப் பார்த்துச் சொல்வார்கள்? இது ஒரு தடவை நடந்ததைச் சொல்கிறதா, எப்போதும் இருக்கும் இயல்பைச் சொல்கிறதா? இதில் மெச்சல் இருக்கிறதா, குறை இருக்கிறதா? முதலாவதுதான் மிக முக்கியம். வகுப்பறையில் மிகக் குறைவாகச் சொல்லித்தரப்படுவதும் அதுதான்.

ஒரு கருமபீடம், ஏழு சொற்கள்

வெள்ளவத்தையில் ஒரு வங்கிக் கிளையை நினைத்துக்கொள்ளுங்கள். கருமபீடத்தில் ஓர் இளம் உத்தியோகத்தர். வாடிக்கையாளர் வந்ததும் வணக்கம் சொல்கிறார், நன்றி சொல்கிறார். இது ‘மெனர்ஸ்’. எப்போதும் பன்மை. ஒருமையில் ‘மெனர்’ என்றால் ஒரு காரியத்தைச் செய்யும் விதம் என்று பொருள் மாறிவிடும். ‘ஹீ ஹெஸ் குட் மெனர்’ என்று கொழும்பில் அடிக்கடி எழுதப்படுவது அதனால்தான் பிழை. வாடிக்கையாளர் சத்தம் போடுகிறார். உத்தியோகத்தரின் முகமும் குரலும் மாறவில்லை. அது ‘டிமீனர்’: வெளியே தெரிகிற தோற்றம், குரல், நிற்கிற விதம். உள்ளே அவர் கொதித்துக்கொண்டிருக்கலாம். அதைப் பற்றி அந்தச் சொல் எதுவும் சொல்லாது.

பக்கத்து இருக்கைக்காரரின் கணினித் திரையை அவர் எட்டிப் பார்ப்பதில்லை. மேலதிகாரி பேசிக்கொண்டிருக்கும்போது இடையில் தொலைபேசியை எடுப்பதில்லை. இவை ‘எட்டிக்கெட்’. பிரெஞ்சு மொழியில் இந்தச் சொல்லுக்குச் சிட்டை என்று பொருள். ஆங்கிலத்தின் ‘டிக்கெட்’ என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். அந்தந்த இடத்துக்கான விதிகளைச் சிட்டையில் எழுதி ஒட்டிவைத்தது போல நினைத்துக்கொண்டால் மறக்காது. இடம் மாறினால் எட்டிக்கெட் மாறும். மெனர்ஸ் அவ்வளவாக மாறாது.

‘பிஹேவியர்’ என்பது கண்ணுக்குத் தெரியும் செயல்கள் அனைத்துக்கும் பொதுப்பெயர். பிள்ளைகளுக்கு, நாய்க்கு, இரசாயனப் பொருளுக்கு, கணினிக்குக்கூடப் பொருந்தும். அதற்கென்று நல்லது கெட்டது கிடையாது. ‘கொன்டக்ட்’ அப்படியல்ல. ஒரு விதியோடு, ஒரு பொறுப்போடு வைத்து அளக்கப்படும் நடத்தைதான் கொன்டக்ட். இலத்தீனில் கூட்டிச் செல்லுதல் என்ற பொருளில் பிறந்த சொல் அது. தன்னைத் தானே நடத்திச் செல்லும் விதம் என்று புரிந்துகொள்ளலாம். நிறுவனங்களில் ‘கோட் ஒஃப் கொன்டக்ட்’ இருப்பதும், நம் அரச ஊழியர்களுக்கான தாபனக் கோவையின் இரண்டாம் தொகுதியில் 47ஆம் அத்தியாயம் பொது நடத்தை, ஒழுக்கம் என்ற தலைப்பில் கொன்டக்ட் என்ற சொல்லையே எடுத்துக்கொண்டிருப்பதும் இந்தக் காரணத்தால்தான். நாய்க்குக் கொன்டக்ட் இல்லை.

‘அட்டிட்யூட்’ வேலையைப் பற்றி, மற்றவர்களைப் பற்றி மனதுக்குள் இருக்கும் சாய்வு. இதில் ஒரு பொறி உண்டு. ‘குட் அட்டிட்யூட்’, ‘பொசிட்டிவ் அட்டிட்யூட்’ என்று முன்னால் ஒரு சொல் வந்தால் மெச்சல். எதுவும் இல்லாமல் ‘ஹீ ஹெஸ் அன் அட்டிட்யூட்’ என்றால் எடுத்தெறிந்து நடப்பவர் என்ற குறை. ‘அவருக்குச் சரியான அட்டிட்யூட்’ என்று நம் பேச்சில் முகத்தைச் சுளித்துச் சொல்வதும் இந்த இரண்டாவது பொருளில்தான்.

கடைசியாகக் ‘கெரக்டர்’. கிரேக்க மொழியில் முத்திரை பதிக்கும் கருவி, பதிந்த அடையாளம் என்ற பொருளில் வந்த சொல். யாரும் பார்க்காதபோதும் மாறாமல் நிற்கும் பதிவு. அதனால்தான் கிராம உத்தியோகத்தர் தரும் சான்றிதழ் வதிவிடத்தோடு கெரக்டரையும் சேர்த்து உறுதிப்படுத்துகிறது. ஒரு நாள் நடந்துகொண்ட விதத்தை அது கேட்கவில்லை. இரண்டு விடயங்களில் கவனம் வேண்டும். ‘ஹீ இஸ் எ மேன் ஒஃப் கெரக்டர்’ என்றால் உயர்ந்த புகழ்ச்சி. ‘ஹீ இஸ் எ கெரக்டர்’ என்றால் விசித்திரமான, சுவாரசியமான ஆள். மற்றது, தமிழ்ப் பேச்சில் ஒரு பெண்ணைப் பற்றிக் ‘கெரக்டர் சரியில்லை’ என்றால் அது எங்கே குறிவைக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஆங்கிலத்தில் அந்தக் குறுகல் இல்லை; ‘பேட் கெரக்டர்’ என்றால் திருடுவார், ஏமாற்றுவார், நம்ப முடியாதவர் என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வார்கள். இந்தச் சொல்லை அந்தச் சின்ன அறைக்குள் அடைத்து வைத்தது நாம்தான். ஆங்கிலத்தில் எழுதும்போதாவது திறந்துவிட வேண்டும்.

சான்றிதழ்களில் கொன்டக்ட் என்ற இடத்துக்கு எதிரே எழுதும் சொல்லும் பேசும். ‘எக்சலன்ட்’, ‘வெரி குட்’, ‘குட்’ என்று இறங்கி வரும் ஏணியில் ‘சாட்டிஸ்ஃபெக்டரி’ கீழ்ப்படியில் நிற்கிறது. தமிழில் திருப்தி என்றால் நிறைவு. ஆங்கில மதிப்பீட்டில் சாட்டிஸ்ஃபெக்டரி என்றால் போதும் என்ற அளவு, அதற்கு மேல் இல்லை. நல்ல பிள்ளைக்கு அதை எழுதினால் வாசிப்பவர் ஏதோ மறைக்கப்படுகிறது என்று நினைப்பார்.

ஒழுக்கம்

இந்த ஒரு தமிழ்ச் சொல்லுக்குள் குறைந்தது மூன்று ஆங்கிலச் சொற்கள் குடியிருக்கின்றன. நேரத்துக்கு வருவது, விதியைப் பின்பற்றுவது, தன்னைக் கட்டுப்படுத்துவது ‘டிசிப்ளின்’. நன்மை தீமை பற்றிய உணர்வு ‘மொரலிட்டி’. சபையில் இடத்துக்கேற்ப அடக்கமாக நடப்பது ‘டெக்கோரம்’. இலங்கையின் அரசாங்கத் தமிழ் இதில் ஒரு நல்ல வேலை செய்திருக்கிறது: டிசிப்ளின் என்பதற்கு ‘ஒழுக்காற்று’ என்று தனிச் சொல் வைத்திருக்கிறது. ஒழுக்காற்று நடவடிக்கை, ஒழுக்காற்று விசாரணை என்று கேட்டவுடனே அது ஒருவரின் அறத்தைப் பற்றியதல்ல, விதிமீறலைப் பற்றியது என்று தெரிகிறது. பேச்சிலும் இந்தப் பிரிவைக் கைக்கொண்டால் நல்லது. பிந்தி வந்த ஊழியரை ‘இம்மொரல்’ என்று எழுதினால் அது மிகப் பெரிய குற்றச்சாட்டாகிவிடும். அவர் வெறும் ‘அன்டிசிப்ளின்ட்’. தொழில் நெறியை மீறியவருக்கு ‘அனெத்திகல்’ என்று மூன்றாவது சொல் இருக்கிறது: நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லும் வைத்தியர், இரு தரப்பிடமும் காசு வாங்கும் தரகர்.

சொற்களின் எடை காலத்தோடு மாறும் என்பதற்கும் இதே இடத்தில் ஒரு சான்று உண்டு. ஜி. யு. போப் 1886இல் வெளியிட்ட திருக்குறள் மொழிபெயர்ப்பில் ஒழுக்கமுடைமை என்ற 14ஆம் அதிகாரத்துக்கு டெக்கோரம் என்ற சொல்லையே தலைப்பில் வைத்தார். இன்று அந்தச் சொல் நாடாளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் சத்தம் போடாமல் இருப்பது என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. உயிரினும் மேலாகக் காக்கச் சொன்ன ஒழுக்கத்தை இன்று டெக்கோரம் என்று எழுதினால் வாசகருக்கு ஆசாரமான இருக்கை வரிசைதான் நினைவுக்கு வரும்.

மரியாதை எங்கே ஒளிந்திருக்கிறது

‘ஒரு தேத்தண்ணி தாங்கோ’ என்றாலும் ‘ஒரு டீ குடுங்க’ என்றாலும் மரியாதை வினைச்சொல்லின் வாலிலேயே இருக்கிறது. கொழும்பில் இரண்டும் கேட்கும். இரண்டும் கடைக்காரரை மதிக்கின்றன. ஆங்கில வினைச்சொல்லுக்கு அந்த வால் இல்லை. ‘கிவ் மீ எ டீ’ என்று நேராக மாற்றும்போது ‘ங்கோ’ விழுந்துவிடுகிறது. கேட்பவருக்கு ‘ஒரு டீ தா’ என்றுதான் படுகிறது. ‘ப்ளீஸ்’ சேர்த்தால் சரியாகிவிடும் என்று நினைப்பது அரை உண்மை. ‘ப்ளீஸ் கிவ் மீ த ஃபைல்’ இன்னும் கட்டளைதான், மென்மையான கட்டளை. ஆங்கிலம் மரியாதையைக் கேள்வி வடிவத்தில் வைக்கிறது: ‘குட் யூ பாஸ் மீ த ஃபைல், ப்ளீஸ்?’ இன்னும் ஒரு படி மேலே, உண்மையில் சிரமம் கொடுக்கும் வேண்டுகோளுக்கு ‘வுட் யூ மைன்ட் வெய்ட்டிங்?’ இந்தக் கடைசி வடிவத்துக்குப் பதில் சொல்வதில் பலர் தடுக்கி விழுகிறார்கள். காத்திருக்கச் சம்மதம் என்றால் ‘நோ’ அல்லது ‘நொட் அட் ஓல்’ என்று சொல்ல வேண்டும். ‘உங்களுக்கு ஆட்சேபமா?’ என்பதுதான் கேள்வி. ‘யெஸ்’ என்றால் ஆட்சேபம் உண்டு என்றாகிவிடும்.

‘கைன்ட்லி’ என்ற சொல் நம் காரியாலயக் கடிதங்களில் மரியாதையின் உச்சமாக நினைக்கப்படுகிறது. மற்ற இடங்களில் அது பெரும்பாலும் மேலிருந்து கீழே இறங்கும் அறிவிப்பு: ‘கைன்ட்லி ரிஃப்ரெய்ன் ஃப்ரொம் ஸ்மோக்கிங்.’ வாடிக்கையாளருக்கு ‘கைன்ட்லி டூ த நீட்ஃபுல்’ என்று எழுதினால் பழைய அரச கடிதத்தின் அதட்டல் அதில் கேட்கும். என்ன வேண்டும் என்று சொல்லிவிட்டு ‘குட் யூ ப்ளீஸ்’ என்று கேட்பது போதும்.

மரியாதையான மனிதரைச் சொல்லும் சொற்களிலும் படிகள் உண்டு. ‘பொலைட்’ மேற்பரப்பில் தெரியும் மரியாதை. மினுக்கப்பட்ட என்ற பொருள்கொண்ட இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது, அந்த மினுக்கம் இன்றும் ஒட்டியிருக்கிறது. ‘கேர்ட்டியஸ்’ அதைவிட ஒரு படி ஆழம்: மற்றவரின் வசதியை நினைத்து நடப்பது, கதவைப் பிடித்துக்கொள்வது, வரிசையில் முதியவரை முன்னால் விடுவது. ‘சிவில்’ குறைந்தபட்சம். ‘ஹீ வொஸ் சிவில் டு மீ’ என்றால் சண்டை பிடிக்கவில்லை, அன்பும் காட்டவில்லை என்று பொருள். புகழ்ச்சியாக எழுதக் கூடாது.

‘ரெஸ்பெக்ட்ஃபுல்’ மரியாதை கொடுப்பவர். ‘ரெஸ்பெக்டபிள்’ மரியாதை பெறத் தக்கவர். கலியாண விளம்பரங்களில் வரும் ‘ரெஸ்பெக்டபிள் ஃபெமிலி’ சரி. ‘மை சன் இஸ் வெரி ரெஸ்பெக்டபிள் டு எல்டர்ஸ்’ பிழை. அதே விளம்பரங்களில் வரும் ‘ஹோம்லி கேர்ள்’ இன்னும் ஆபத்தானது. வீட்டுப்பாங்கான பெண் என்று நாம் நினைக்கிறோம். அமெரிக்கர் காதில் அழகில்லாத பெண் என்று விழும். மாப்பிள்ளை அந்தப் பக்கத்தில் இருந்தால் இந்த ஒரு சொல்லே போதும். ‘ஸ்மார்ட்’ இங்கே வடிவானவர், பிரித்தானியாவில் நன்றாக உடுத்தவர், அமெரிக்காவில் மூளைசாலி; மூன்றும் புகழ்ச்சிதான் என்பதால் பெரிய கேடில்லை.

கேட்டல், அடங்குதல், வெட்கப்படுதல்

‘ஒபீடியன்ட்’ என்ற சொல்லின் வேரில் இலத்தீன் மொழியின் ‘கேள்’ இருக்கிறது. தமிழிலும் சொல்வழி கேட்டல் என்றுதான் சொல்கிறோம். இரண்டு மொழிகளும் ஒரே காதின் வழியாகக் கீழ்ப்படிவைப் பார்த்திருக்கின்றன. குடியேற்ற ஆட்சிக்கால அரச கடிதங்கள் ‘யுவர் ஒபீடியன்ட் சேர்வன்ட்’ என்று முடிந்தன. அதன் எச்சம்தான் அதிபருக்கு எழுதும் லீவுக் கடிதத்தின் ‘யுவர்ஸ் ஒபீடியன்ட்லி’. இன்றைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு இரண்டு இடங்கள்தான் மிச்சம்: சின்னப் பிள்ளைகளும் வளர்ப்பு விலங்குகளும். பதினெட்டு வயதானவரை அப்படிப் புகழ்ந்தால் சொந்தமாக யோசிக்காதவர் என்று படும். ‘டொசைல்’ இன்னும் மோசம். கற்பிக்கத் தக்க என்ற பொருளில் பிறந்து, இன்று எளிதில் அடக்கக்கூடிய மாட்டைச் சொல்லும் சொல்லாகிவிட்டது. ‘சப்மிசிவ்’ எந்தச் சான்றிதழிலும் வரவே கூடாது. சொல்வழி கேட்பவர் என்பதை வேலையிடத்துக்குச் சொல்ல ‘கோஒப்பரேட்டிவ்’ இருக்கிறது. ‘டேக்ஸ் டிரெக்ஷன் வெல்’ இருக்கிறது. சொன்னதைப் புரிந்து செய்வார், தேவையென்றால் கேள்வியும் கேட்பார் என்ற தொனி அவற்றில் உண்டு.

அடக்கம் என்பதற்கு வரும் இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘மொடெஸ்ட்’ தன் திறமையைப் பறையடிக்காதவர். உடையைப் பற்றிச் சொன்னால் உடம்பை மூடும் உடை; சம்பளத்தைப் பற்றிச் சொன்னால் சிறிய தொகை. ‘ஹம்பிள்’ மண் என்ற பொருள்கொண்ட இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது: தன்னை மண்ணளவுக்குத் தாழ்த்திக்கொள்பவர். ‘ஹம்பிள் பெக்ரவுண்ட்’ என்றால் ஏழ்மையான பின்னணி. இரண்டையும் பிறர் சொல்ல வேண்டும். தன் விண்ணப்பத்தில் ‘ஐ ஆம் எ வெரி ஹம்பிள் பேர்சன்’ என்று எழுதியவர் அந்த வரியிலேயே அதை இழந்துவிடுகிறார்.

வெட்கத்தில் நடக்கும் பிழைகள் மனதைக் கொஞ்சம் வருத்துகின்றன, ஏனென்றால் நல்ல திறமையுள்ளவர்கள் தங்களைத் தேவைக்கு மேல் குறைத்துக்கொள்கிறார்கள். ‘ஐ ஆம் அஷேம்ட் ஒஃப் மை இங்கிலிஷ்’ என்று நேர்முகத்தேர்வில் சொல்கிறார்கள். ‘அஷேம்ட்’ தவறு செய்த மனம் கூசுவது. களவெடுத்தவர், பொய் சொன்னவர் படுவது. ஆங்கிலம் சரளமாக வராதது குற்றமல்ல. அங்கே தேவையான சொல் ‘எம்பரஸ்ட்’: பிறர் முன் சங்கடம். அல்லது ‘செல்ஃப்-கொன்ஷஸ்’: பேசும்போது தன்னையே கவனித்துக்கொண்டிருக்கும் கூச்சம். ‘ஷை’ என்பது ஒரு சம்பவமல்ல, இயல்பு. புதியவர்களிடம் பேசத் தயங்கும் சுபாவம். இதையே செயலுக்கு மாற்றினால் வேறு இரட்டை பிறக்கிறது: வெட்கப்பட வேண்டிய செயல் ‘ஷேம்ஃபுல்’, வெட்கமே இல்லாத ஆள் ‘ஷேம்லெஸ்’.

‘இனசன்ட்’ அப்பாவி என்ற பொருளில் கொழும்பில் தாராளமாகப் புழங்குகிறது. ஆங்கிலத்தில் அதன் முதல் பொருள் குற்றமற்றவர்; குற்றம் என்ற பேச்சையே அந்தச் சொல் வாசலுக்குக் கொண்டுவந்துவிடும். உலகம் தெரியாதவர் என்றால் ‘நையீவ்’, அது குறை. சூதில்லாதவர் என்று மெச்ச வேண்டுமானால் ‘ஜென்யூன்’, ‘கைன்ட்’.

‘சின்சியர்’ வேலை செய்யுமா

தமிழ்ப் பேச்சில் ‘சின்சியரா வேலை செய்வார்’ என்றால் கடமையுணர்வோடு உழைப்பார் என்று பொருள். ஆங்கிலத்தில் சின்சியர் உழைப்பைப் பற்றிய சொல்லே அல்ல. சொல்லும் மனமும் ஒன்றாக இருப்பது. ‘சின்சியர் அப்பொலஜி’ உண்மையான மன்னிப்பு. ‘சின்சியர் தேங்க்ஸ்’ மனமார்ந்த நன்றி. சோம்பேறியும் சின்சியராக இருக்கலாம். உழைப்பைச் சொல்ல வேறு மூன்று சொற்கள்: விடாமல் உழைப்பவர் ‘டிலிஜென்ட்’, யாரும் பார்க்காவிட்டாலும் சரியாகச் செய்ய வேண்டும் என்று மனச்சாட்சி உறுத்துபவர் ‘கொன்சியென்ஷஸ்’, சொன்ன நேரத்துக்குச் செய்து முடிப்பார் என்று நம்பக்கூடியவர் ‘ரிலையபிள்’. வேலை தருபவர் இந்த மூன்றையும்தான் தேடுகிறார்.

நேர்மையின் குடும்பத்தில் ‘ஓனஸ்ட்’ பொய் சொல்லாதவர், களவெடுக்காதவர். ‘ஃபிராங்க்’ மறைக்காமல் பேசுபவர். அதே பேச்சு மற்றவரைக் காயப்படுத்தினால் ‘பிளன்ட்’, மழுங்கிய கத்தி. ‘இன்டெக்ரிட்டி’ முழுமை. கணிதத்தில் முழு எண்ணைக் குறிக்கும் ‘இன்டீஜர்’ இதன் உடன்பிறப்பு: பின்னமில்லாதவர், வீட்டில் ஒன்று காரியாலயத்தில் ஒன்று என்று உடையாதவர். இதற்கு வழக்கமான பெயரடை வடிவம் இல்லை. ‘எ பேர்சன் ஒஃப் இன்டெக்ரிட்டி’ என்றுதான் எழுத வேண்டும்.

ஒரே குணம், இரண்டு பெயர்

தன் முடிவில் நிற்பவரைப் பிடித்திருந்தால் ‘ஃபேர்ம்’, பிடிக்காவிட்டால் ‘ஸ்டபன்’. மெய்யியலாளர் பேட்ரண்ட் ரசல் 1948இல் பிபிசி வானொலி நிகழ்ச்சி ஒன்றில் இதை வினைச்சொல் வாய்பாடு போல அடுக்கிக் காட்டினார்: நான் உறுதியானவன், நீ பிடிவாதக்காரன், அவன் பன்றித்தலை மூடன். ஆள் மாறமாற ஒரே குணம் கீழே இறங்குகிறது. ‘கொன்ஃபிடென்ட்’ அருகில் ‘அரகன்ட்’, ‘திரிஃப்டி’ அருகில் ‘ஸ்டிஞ்சி’, ‘ஷ்ரூட்’ அருகில் ‘கன்னிங்’, ‘கியூரியஸ்’ அருகில் ‘நோசி’. சிக்கனத்தையும் கஞ்சத்தனத்தையும் வேறாக்கத் தெரிந்த நமக்கு இது கடினமில்லை.

கடினமானது தமிழ்ப் பொருள் தவறான பக்கத்தில் விழும் சொற்கள்தான். ‘அம்பிஷஸ்’ என்பதைப் பேராசைக்காரர் என்று பழைய சொற்பட்டியல்களில் படித்தவர்கள் அதைத் தவிர்க்கிறார்கள். இன்று வேலைவாய்ப்பு உலகில் அது முன்னேறத் துடிப்பவர் என்ற மெச்சல். ‘ப்ரௌட்’ தனியாக வந்தால் கர்வம். பின்னால் ‘ஒஃப்’ வந்தால் பெருமை. ‘ஷீ இஸ் ப்ரௌட்’, ‘ஷீ இஸ் ப்ரௌட் ஒஃப் ஹேர் மதர்’ இரண்டையும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். ‘அசேர்ட்டிவ்’ தன் உரிமையைத் தெளிவாகக் கேட்பவர்; மற்றவரின் உரிமையை மிதித்துக் கேட்டால் ‘அக்ரெசிவ்’. தங்கள் பிள்ளைகள் வாய் காட்டுகிறார்கள் என்று குறைப்படும் பெற்றோர் இந்த வித்தியாசத்தை அறிந்திருப்பது பிள்ளைக்கு உதவும்.

காரியாலயக் கடிதம் வந்தால்

இங்கே சொல்லின் நுணுக்கம் சம்பளத்தைத் தொடுகிறது. பிள்ளைகளின் குழப்படி ‘மிஸ்பிஹேவியர்’. ஊழியரின் விதிமீறல் ‘மிஸ்கொன்டக்ட்’. கவனமின்மையால் நடந்தது ‘நெக்லிஜன்ஸ்’. மேலதிகாரியின் நியாயமான பணிப்பை வேண்டுமென்றே மறுத்தது ‘இன்சபோர்டினேஷன்’. முன்னதில் எண்ணம் இல்லை, பின்னதில் எண்ணம் உண்டு. கடிதத்தில் எது இருக்கிறது என்று பார்க்காமல் பதில் எழுதக் கூடாது. ‘அலெஜ்ட்’ என்ற சொல் இருந்தால் குற்றச்சாட்டு இன்னும் நிரூபிக்கப்படவில்லை. ‘ஷோ கோஸ்’ கடிதம் தண்டனையல்ல; உங்கள்மேல் நடவடிக்கை ஏன் எடுக்கக் கூடாது என்று காரணம் காட்டக் கேட்பது.

பதில் எழுதும்போது தமிழின் ‘மறுக்கிறேன்’ இரண்டாகப் பிரியும். குற்றச்சாட்டை மறுப்பது ‘டினை’. செய்யச் சொன்னதை மறுப்பது ‘ரிஃபியூஸ்’. ‘ஐ ரிஃபியூஸ் த சார்ஜ்’ என்று எழுதினால் பொருளே கலங்கும். கடிதம் கிடைத்தது என்பது ‘அக்னொலெஜ்’. குற்றத்தை ஒப்புக்கொள்வது ‘அட்மிட்’. கடிதம் கிடைத்ததை மட்டும் சொல்ல வந்தவர் ‘அட்மிட்’ என்று எழுதிவிடக் கூடாது. நடந்ததற்கு விளக்கம் ‘எக்ஸ்பிளனேஷன்’. ‘எக்ஸ்கியூஸ்’ என்றால் சாட்டு. ‘மை எக்ஸ்கியூஸ் இஸ்’ என்று தொடங்கும் பதில் ‘நான் சாட்டுச் சொல்கிறேன்’ என்று தொடங்குகிறது. ‘ரிக்ரெட்’ வருத்தம், பிழை யாருடையது என்று சொல்லாது. ‘அப்பொலஜைஸ்’ பிழை என்னுடையது என்று ஏற்றுக்கொள்வது. எதை எழுதுவது என்பது நடந்ததைப் பொறுத்தது. பிழை உங்களுடையது என்றால் ‘ரிக்ரெட்’ என்று பூசி மெழுகாமல் ‘அப்பொலஜைஸ்’ என்று எழுதுவதே நல்ல கொன்டக்ட்.

எப்படிச் சரிபார்ப்பது

ஆங்கிலம்–தமிழ் அகராதியோடு நிறுத்தாதீர்கள். ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் வெளியிடும் கற்போர் அகராதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றில் பல நடத்தைச் சொற்களுக்கு அருகே ‘அப்ரூவிங்’ அல்லது ‘டிஸ்அப்ரூவிங்’ என்று ஒரு சிறு குறிப்பு இருக்கும்: மெச்சல், குறை. பழைய வழக்கு, சம்பிரதாய நடை என்ற குறிப்புகளும் வரும். அதற்குப் பிறகு எடுத்துக்காட்டு வாக்கியங்களில் எழுவாயைப் பாருங்கள். மூன்றில் இரண்டு வாக்கியங்களில் பிள்ளையோ நாயோ இருந்தால், அந்தச் சொல் எந்த உயரத்திலிருந்து இறங்குகிறது என்று தெரிந்துவிடும். கடைசியாக அதை உங்கள் மேலதிகாரிக்குச் சொல்வதாகக் கற்பனை செய்யுங்கள். ‘யூ ஆர் வெரி ஒபீடியன்ட், சேர்’ என்பது வாயில் வராது. ‘யூ ஆர் வெரி ஃபெயர், சேர்’ வரும்.

தொடக்கத்தில் பார்த்த நற்சான்று வரியை இப்போது திருத்தலாம்: ‘ஷீ இஸ் கொன்சியென்ஷஸ் அண்ட் ரிலையபிள், அண்ட் டேக்ஸ் டிரெக்ஷன் வெல்.’ அதற்குப் பிறகு ஒரு சான்று வரி, எண்ணோடு: நூலகப் பதிவேட்டை இரண்டு வருடம் பொறுப்பாக வைத்திருந்தாள் என்றோ, மாணவர் மன்றத்தின் காசை ஒரு வருடம் கையாண்டாள் என்றோ, உண்மையில் நடந்த ஒன்று. சான்று வரி இல்லாத பெயரடையை ஆளணிப் பிரிவில் யாரும் நிறுத்தி வாசிப்பதில்லை. இந்தச் சான்றோடு பிள்ளை அனுப்பும் விண்ணப்பக் கடிதத்தில், பெறுநரின் பெயர் தெரிந்து எழுதினால் முடிவில் ‘யுவர்ஸ் சின்சியர்லி’, ‘டியர் சேர்’ என்று தொடங்கினால் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’. ‘ஒபீடியன்ட்லி’ பாடசாலைக் கதவுக்கு வெளியே வரத் தேவையில்லை.